சொந்தம் விட்டுப்போகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து 28 வருஷம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது தெரிந்து அண்ணன் பிள்ளைகள் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை பலரும் என்னிடம் வந்து கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு உறவு அறுந்துவிட்டால், “அவங்களுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லை” என்பார்கள். பாசம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பாசம் இருக்கும், போவதும் வருவதும்தான் நின்றுபோயிருக்கும். கீழே வரும் பதில்களை அந்தச் சொல்லை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

பத்துப் பதினைந்து வருஷமாகப் பேசாதவருக்குத் திடீரென்று போன் செய்தால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

முதல் நிமிஷம் நினைப்பார்கள். பணம் கேட்கவோ, பத்திரிகை வைக்கவோ கூப்பிடுகிறார்கள் என்று ஒரு யோசனை ஓடும். அதனால் கூப்பிட்ட காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காரணம் சின்னதாக, உண்மையாக இருந்தால் போதும். “சித்தப்பா, பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது, அதுல உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?” என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரம் போவதே தெரியாது. இத்தனை வருஷம் யார் யாரைத் தேடவில்லை என்ற கணக்கை மட்டும் அந்த முதல் பேச்சில் எடுக்க வேண்டாம்.

நம்பரே இல்லை என்றால் வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். எங்கள் அம்மாவிடம் இருப்பது 1971-ல் அவர்கள் கல்யாணத்தில் எழுதிய நோட்டு. 2 ரூபாய், 5 ரூபாய், நடுவில் ‘பித்தளைச் செம்பு 1’. மை மங்கிப் பழுப்பாகிவிட்டது. அதில் இருந்த ஊர்களில் ஊருக்கு ஒருவரைப் பிடித்து விசாரித்தே, எங்களுக்கு விட்டுப்போன 14 குடும்பங்களைக் கண்டுபிடித்தேன். பெயர் எழுதியவர்கள் பெரும்பாலும் காலமாகிவிட்டார்கள். ஆனால் “இன்னார் பேத்தி பேசுறேன்” என்று சொன்னதும் யாரும் போனை வைத்துவிடவில்லை.

“சாப்பிட்டாச்சா” தாண்டி எனக்கு ஒன்றும் பேச வருவதில்லை. என்ன செய்வது?

அதிலேயே தொடங்குங்கள். அடுத்து “என்ன குழம்பு?” என்று கேளுங்கள்.

என் தாய்மாமன் தினமும் இரவு ஏழரை மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்வார். அவர் வாசுதேவநல்லூரில், அம்மா தென்காசியில். பேச்சு எப்போதும் ஒன்றேதான். என்ன குழம்பு, புளிக்குழம்பா, என்ன காய் போட்டாய், சுண்டவத்தல் யாரிடம் வாங்கினாய், அவன் மகனுக்குக் கல்யாணம் முடிந்ததா. நாலைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சின்ன வயதில் எனக்கு இது வீண்பேச்சாகத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள், வழக்கமான கேள்விக்கு அம்மா பதில் சொல்லும்போது நாக்கு லேசாகக் குழறியது. பக்கத்து அறையில் இருந்த அண்ணனுக்கே தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டு, “அக்கா பேச்சு சரியில்ல, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். பக்கவாதத்தின் தொடக்கம். நேரத்தோடு போனதால் அம்மா இன்று நடமாடுகிறார். தினமும் கேட்ட குரல் என்பதால்தான் மாமாவுக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். போன தடவை அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்து இந்தத் தடவை கேளுங்கள். மூட்டுவலிக்கு மாத்திரை மாற்றினார்களா, கன்றுக்குட்டி பால் குடிக்கிறதா, பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததா. ஞாபகம் நிற்காது என்றால் என்னைப்போல எழுதி வைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பேச வேண்டும்?

பெற்றோருக்குத் தினமும், இரண்டு நிமிஷமானாலும் சரி. கூடப் பிறந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை. பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா வீடுகளுக்கு மாதம் ஒருமுறை. இது என் கணக்கு. நீங்கள் கூட்டலாம் குறைக்கலாம், ஆனால் கிழமையும் நேரமும் ஒன்றாகவே இருக்கட்டும். வயதானவர்கள் அந்த நேரத்துக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குடும்பம் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முடியுமா?

முடியும், நேரத்தைச் சரியாகப் பிடித்தால். இந்தியாவில் இரவு 8 மணி என்றால் துபாயில் மாலை 6.30, லண்டனில் மதியம் 2.30, நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் காலை 9.30, கலிபோர்னியாவில் காலை 6.30. இது குளிர்கால நேரம். கோடையில் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இரவு 10.30 ஆகியிருக்கும். சிட்னியில் நள்ளிரவு தாண்டிவிடும்.

சிட்னியில் ஆள் இருந்தால் ஞாயிறு காலை 8 மணிக்கு வையுங்கள். அவர்களுக்கு மதியம், சிங்கப்பூருக்குக் காலை 10.30, துபாய்க்குக் காலை 6.30, அமெரிக்காவுக்குச் சனிக்கிழமை இரவு. லண்டனில் இருப்பவருக்கு மட்டும் அது விடியாத நேரம். அதனால் நாங்கள் ஒரு மாதம் காலை, ஒரு மாதம் இரவு என்று மாற்றி மாற்றி வைக்கிறோம். ஒரே ஆள் எப்போதும் தூக்கத்தை விட்டு வரும்படி வைத்தால் நாலாவது மாதம் அவர் வர மாட்டார்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள், இங்கிலாந்தில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் குழப்பம் வரும், முந்தின நாளே ஒரு செய்தி போட்டுவிடுங்கள். அப்புறம், ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் பேசுவதற்குத் தடை இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேசுகிறார்கள். “துபாய்க்காரன் போனையே எடுக்க மாட்டேங்குறான்” என்று ஊரில் கோபித்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இப்போது குட்மார்னிங் படமும் அரசியல் சண்டையும்தான் வருகிறது.

இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று செய்திக் குழு. பிறப்பு, இறப்பு, நிச்சயம், ஆஸ்பத்திரி, கோயில் விஷயம் மட்டும். அமைப்புகளில் போய் அட்மின் மட்டுமே பதிவு போடலாம் என்று வைத்துவிடுங்கள். மற்றது பேச்சுக் குழு, அங்கே யாரும் எதையும் போடலாம். செய்திக் குழுவின் சத்தத்தை யாரும் அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், ஆகவே மூன்று தலைமுறையும் அடங்கும்.

குட்மார்னிங் படம் அனுப்பும் பெரியவர்களைக் கண்டிக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூப் படம் வந்தால் நான் இருக்கிறேன், எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். தனியாக இருக்கும் எங்கள் அத்தையிடமிருந்து ஒருநாள் படம் வராதபோதுதான் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னோம். காய்ச்சலில் படுத்திருந்தார்.

அரசியல், சாதி, மதம் மூன்றும் இரண்டு குழுவிலும் வேண்டாம். இதில் அட்மின் கொஞ்சம் கறாராகத்தான் இருக்க வேண்டும்.

குழுவில் இருக்கும் சொந்தக்காரர் பெயரிலிருந்து “அவசரம், பணம் அனுப்பு” என்று செய்தி வந்தது. நம்பலாமா?

பணம் அனுப்பும் முன் அவருடைய பழைய நம்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கணக்கைக் கைப்பற்றியவர்கள் அதே பெயர், அதே படத்தோடு கேட்பார்கள். இப்போது குரலைக்கூடப் போலியாக உருவாக்க முடிகிறது. எங்கள் வீட்டில் ஒரு அடையாளக் கேள்வி வைத்திருக்கிறோம்: ஆச்சி வீட்டில் இருந்த பசுவின் பெயர். அது எந்தக் குழுவிலும் எழுதப்பட்டதில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், அது இந்தியாவின் இணையக் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகள் எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்கிறார்கள். முறை சொல்லிக் கூப்பிட வைப்பது எப்படி?

எனக்கு மனதுக்கு நெருக்கமான கேள்வி இது.

நம் மொழியில் ஒருவரைக் கூப்பிடும்போதே அவர் எந்த வழியில் சொந்தம் என்பது தெரிந்துவிடும். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை. அப்பாவின் கூடப் பிறந்தவள் அத்தை, அவள் மகன் அத்தான். அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சித்தி. அம்மாவின் அண்ணன் தம்பி மாமா, அவர் மகள் மதினி. மனைவியின் தங்கையைக் கட்டியவர் சகலை, கணவரின் தம்பி மனைவி ஓரகத்தி. யாழ்ப்பாணத்தில் அப்பப்பா, அம்மம்மா என்று பாட்டன் பாட்டியைக்கூட வழி பிரித்தே சொல்கிறார்கள். கேட்கவே அழகாக இருக்கும். இவ்வளவையும் அங்கிள், ஆன்ட்டி, கசின் என்று மூன்று சொல்லில் அடைத்துவிட்டால், எதிரே நிற்பவர் தனக்கு யார் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நான் செய்தது இதுதான். போனில் எல்லாருடைய எண்ணையும் முறை சேர்த்துப் பதிந்தேன். ‘கடையம் சித்தி’, ‘மும்பை பெரியப்பா’, ‘ராஜபாளையம் சின்ன மாமா’. போன் அடித்ததும் மகள் திரையைப் பார்த்து “கடையம் சித்தி கூப்பிடுறாங்க” என்று எடுத்துக்கொண்டு வருவாள். இரண்டு வருஷத்தில் அவளுக்கு அறுபது பேரைத் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி “நான் யாருன்னு சொல்லு பாப்போம்” என்று கேட்பதை நிறுத்த வேண்டும். பதில் தெரியாமல் அது கூசிப்போய் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். “நான்தான் உங்க அம்மாவோட சித்தி, உனக்குச் சின்ன ஆச்சி” என்று நாமே சொல்லி மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாமே.

முறைமாப்பிள்ளை, முறைப்பெண் கல்யாணம் குறைந்துவிட்டது. சொந்தம் அந்நியமாகிவிடாதா?

முன்பு அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் விட்டுப்போகிற உறவைத் திரும்பக் கட்டியது உண்மைதான். ஆனால் அப்படிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் ஆபத்து கூடுதல் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், தாய்மாமனையே கட்டும்போது அது இன்னும் கூடும். உறவு நீடிக்கப் பிள்ளைகளைக் கட்டி வைக்க வேண்டியதில்லை. விடுமுறையில் பத்து நாள் ஒரே வீட்டில் விட்டாலே போதும், அவர்களே ஒட்டிக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை மொத்தக் குடும்பமும் கூட ஒரு வழி சொல்லுங்கள்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நம்மிடம் குலதெய்வம் கோயில் இருக்கிறது.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் குறைவு. மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும். குளத்தங்கரையிலோ மலையடிவாரத்திலோ, மற்ற நாளில் ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் அந்த ஒருநாள் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மற்ற மாவட்டங்களில் சிலர் மகா சிவராத்திரிக்குப் போகிறார்கள், சிலர் ஆடியில்.

எங்கள் சாஸ்தா கோயில் ஒரு புளியமரமும் நாலு கல் பீடமும்தான். பத்து வருஷத்துக்கு முன் தகரக் கூரை போட்டார்கள். காலையிலேயே மூன்று கல் கூட்டி வரிசையாகப் பொங்கல் பானை ஏறும். ஓலை எரியும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே யாராவது, “நீ செல்லத்தாயி மகதானே?” என்று கேட்பார்கள். ஒருமுறை பக்கத்து அடுப்புக்காரர்கள் உப்பு கேட்டு வந்தார்கள். மும்பை தாராவியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில் பிழைக்கப் போன குடும்பம். பேசப் பேச, எங்கள் பூட்டனும் அவர்கள் பூட்டனும் அண்ணன் தம்பி என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தடுமாறியது, ஆனால் பொங்கல் பொங்கும்போது எங்களோடு சேர்ந்து குலவையிட்டாள். அன்றிலிருந்து அவர்கள் பெயரும் நோட்டில் இருக்கிறது.

கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, தலைக்கட்டு வரி வாங்குவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. வரி எழுதும் அந்த நோட்டைவிடச் சரியான குடும்பப் பட்டியல் வேறு கிடையாது. ஆனால் கட்டிக்கொடுத்த பெண்கள் அதில் வருவதில்லை. என் பெயரும் இல்லை. இத்தனை குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையே என்று எனக்கு நெடுநாள் வருத்தம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பெரியப்பா மகனிடம் சொன்னேன். வரி வாங்காவிட்டாலும் பெண்மக்கள் பெயருக்குத் தனிப் பக்கம் போடுவோம் என்று அவன் ஒப்புக்கொண்டான். இப்போது நோட்டின் பின்பக்கத்தில் 47 பெண்களின் பெயர் இருக்கிறது.

எங்கள் குலதெய்வம் எது என்றே தெரியவில்லை.

வீட்டில் மூத்தவரிடம் நேராகக் கேட்டால் சில நேரம் ஞாபகம் வராது. வேறு வழியாகக் கேளுங்கள். உங்களுக்கு முதல் மொட்டை எங்கே எடுத்தார்கள், காது எங்கே குத்தினார்கள், அப்பா கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை எந்தக் கோயிலில் வைத்தார்கள், எந்தச் சாமி பெயரில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். பங்காளி வீட்டில் விசாரியுங்கள், நம் வீட்டில் மறந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எதுவுமே தெரியாதவர்கள் பாபநாசம் மலைமேல், காரையாறில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதிக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கல்யாணப் பத்திரிகையை நேரில்தான் வைக்க வேண்டுமா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

நண்பர்களுக்குப் போதும். பெரியப்பா, தாய்மாமன், அத்தை, சம்பந்தி வீடுகளுக்கு நேரில் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடுதான் வைக்க வேண்டும். அந்தத் தட்டை நீட்டும்போது உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். அந்தக் கால்மணி நேரத்துக்காகவே இந்த வழக்கம் வந்தது என்று நினைக்கிறேன். தூர தேசத்தில் இருப்பவர்களுக்கு வீடியோவில் கூப்பிட்டு, பத்திரிகையைக் கையில் பிடித்து, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகு படத்தை அனுப்பலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் பத்திரிகையில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு மூத்த பெண்ணிடம் காட்டுங்கள். ஒரு பெயர் விட்டதற்காகப் பத்து வருஷம் வராமல் இருந்த வீட்டை எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கும் லீவு, இறப்புக்கும் லீவு என்றால் எங்கே போவது? ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால்?

துட்டிக்குப் போங்கள். இறப்பை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

நல்ல காரியத்துக்கு அழைப்பு வேண்டும், துட்டிக்குக் கேள்விப்பட்டாலே போதும். கல்யாண வீட்டில் ஆயிரம் பேரில் நீங்கள் வராதது தெரியாமலும் போகும். துட்டி வீட்டில் யார் வந்தார்கள் என்பது முப்பது வருஷம் ஆனாலும் மறக்காது. அன்றைக்கே போக முடியாவிட்டால் பதினாறுக்குள் ஒருநாள் போய்த் துக்கம் கேளுங்கள். ஆறுதல் வார்த்தை தேட வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். திரும்பும்போது “போயிட்டு வரேன்” என்று சொல்லாமல் எழுந்து வருவது வழக்கம்.

வெளிநாட்டில் இருந்து வர முடியாதவர்கள் முதல் நாள் கூப்பிட வேண்டாம், அந்தக் கூட்டத்தில் யாரும் பேச முடியாது. பதினாறு முடிந்து எல்லாரும் கிளம்பிப்போன மறுநாள் கூப்பிடுங்கள். வீடு வெறிச்சென்று இருப்பது அன்றைக்குத்தான்.

மொய், சீர் எல்லாம் பெரிய பாரமாக இருக்கிறது. இதை வைத்துத்தான் உறவா?

பாரமாகும் அளவுக்குச் செய்ய வேண்டாம். தாய்மாமன் சீர், ஆடிச் சீர், பொங்கல் சீர் எல்லாவற்றிலும் உயிராக இருப்பது பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது என்பதுதான். என் தம்பி ஒரு வருஷம் வேலை இல்லாமல் இருந்தான். அந்தப் பொங்கலுக்கு ஒரு மஞ்சள் குலையும் இரண்டு கரும்பும் பஸ்ஸில் சுமந்து சென்னை வந்தான். அந்தக் கரும்பின் தோகை எங்கள் வீட்டு வாசல் நிலையில் காயும்வரை நான் எடுக்கவில்லை. கடன் வாங்கிச் சீர் செய்கிறார் என்று தெரிந்தால் வாங்குகிறவரே முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அதுவும் தனியாகக் கூப்பிட்டு.

சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிட்டது. திரும்பச் சேர முடியுமா?

முடியும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தானாகச் சேர்ந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் 11 வருஷம் பேசவில்லை. பொதுக் கிணற்றில் மோட்டார் போடும் முறைதான் காரணம். யார் பக்கம் நியாயம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆச்சி இறந்தபோது இரண்டு பேரும் முற்றத்தின் இரண்டு மூலையில் நின்றார்கள். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். மகன்கள்தான் குடத்தோடு போக வேண்டும், தலைக்கு மேலே நாலு பேர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து வருவார்கள். ஒரே வேட்டிக்குக் கீழே இரண்டு பேரும் அடி வைத்தார்கள். போகும்போது பேசவில்லை. திரும்பும்போது அப்பாவின் குடம் சரிந்தது. பெரியப்பா ஒரு கையை நீட்டித் தாங்கி, “பாத்து வாடா” என்றார். அவ்வளவுதான். தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்களே, அதை அன்றைக்கு அந்தக் கையில் பார்த்தேன். ஆச்சி உயிரோடு இருக்கும்போதே இது நடந்திருக்கக் கூடாதா என்ற வலி எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால், பெரியவர்கள் இருக்கும்போதே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினையைப் பதிவு செய்துவிடுங்கள். பெண்மக்களுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு கடைசி நேரத்தில், பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்காதீர்கள். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே, கல்யாணமாகாத பெண்களுக்கு, சட்டத் திருத்தம் வந்தது. நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் 2005-ல் வந்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருகிறது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது அவள் விருப்பம். ஆனால் உனக்கு இவ்வளவு வரும் என்று உட்காரவைத்துச் சொன்ன பிறகு கேட்க வேண்டும். பங்கு கேட்டதால் பிறந்த வீடு விட்டுப்போனது என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வார்கள். விட்டது யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பேசத் தொடங்க நேரடியாகப் போக முடியாவிட்டால் பிள்ளைகளை அனுப்புங்கள். தட்டில் பலகாரத்தோடு வாசலில் நிற்கும் தம்பி மகளைப் பார்த்து “திரும்பிப் போ” என்று சொல்லும் பெரியப்பா அபூர்வம்.

எல்லாச் சொந்தத்தோடும் ஒட்டி இருந்துதான் ஆக வேண்டுமா?

இல்லை. அடித்தவர், குடித்துவிட்டு வந்து அவமானப்படுத்துகிறவர், பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர், இவர்களிடமிருந்து விலகி இருப்பது சரிதான். பெரியவர்கள் சொல்கிறார்கள் என்பதற்காகப் பிள்ளையை அந்த வீட்டில் விடாதீர்கள். யார் மடியில் உட்கார மாட்டேன் என்று குழந்தை சொன்னாலும், ஏன் என்று தனியாகக் கேளுங்கள்.

வம்சாவளி எழுதி வைக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

வீட்டில் மிக மூத்தவரிடம் இந்த வாரமே போங்கள். அடுத்த லீவுக்கு என்று தள்ளாதீர்கள். போனில் குரல் பதிவை ஓடவிட்டு, அவருடைய அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், உடன்பிறந்தவர்கள், அவர்கள் கட்டிய இடம் என்று கேளுங்கள். பாட்டியின் பிறந்த ஊரைக் கண்டிப்பாகக் கேளுங்கள், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். பழைய கடிதம் இருந்தால் எடுத்து வையுங்கள். எங்கள் ஆச்சி வீட்டில் கூரைச் சட்டத்தில் தொங்கிய கம்பியில் முப்பது வருஷத்து இன்லாண்டு கடிதங்கள் குத்தியிருந்தன. நீலத் தாள், நடுவில் ஓட்டை. தாத்தாவின் தம்பி கொழும்பில் கடையில் இருந்தார் என்பதே, அதற்கிடையே கிடந்த ஒரு விமானக் கடிதத்தில் இருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது.

பங்குனி உத்திரத்துக்கு எப்போது டிக்கெட் போட வேண்டும்?

ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கிறது, காலை 8 மணிக்கு. முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் மாற்றினார்கள். சென்னையிலிருந்து தென்காசிக்குப் பொதிகை, திருநெல்வேலிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். இரண்டிலும் திறந்த சில நிமிஷத்தில் இடம் தீர்ந்துவிடும். போவதற்கு ஒரு நாள், திரும்புவதற்கு ஒரு நாள் என்று இரண்டு தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்க வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். டிக்கெட் கிடைத்ததும் ஊரில் இருப்பவர்களுக்கு எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள், பானையும் அரிசியும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உப்பை மட்டும் நீங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு போங்கள்.